உலக்கை நிற்காத கடல்

நான் முதல்முறை கடலைத் தாண்டியபோது வானத்தைப் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட கப்பலின் அடித்தளத்தில், பங்க் கிளாஸ் என்று சொல்வார்களே, அங்கே என்னைப் படுக்க வைத்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். டீசல் வாடை, வாந்தி வாடை, யாரோ மூட்டை கட்டிக்கொண்டு வந்த கருவாட்டு வாடை. துறைமுகம் தாண்டியதும் தலை சுற்றிப் படுத்தவள், போர்ட் பிளேரில் ஹேடோ ஜெட்டியில் கப்பலைக் கயிறு கட்டும்போதுதான் எழுந்து உட்கார்ந்தேன். ஜெட்டியில் காத்திருந்த என் கணவர், "கடல் எப்படி இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டார். "தகர வாளி மாதிரி இருந்துச்சு" என்றேன்.

அவர் துறைமுக ஆபீஸில், சரக்கு இறக்கும் பிரிவில் வேலை பார்த்தார். கப்பல்காரர்களோடு நல்ல பழக்கம். நடுக்கடலில் ராத்திரி வானம் எப்படி இருக்கும் என்று அவர்கள் சொன்னதையெல்லாம் சாப்பிடும்போது எனக்குச் சொல்வார். கரையில் வானம் தலைக்கு மேலேதான் இருக்கும், நடுக்கடலில் நாலா பக்கமும் தண்ணீர் வரைக்கும் இறங்கி வந்துவிடும், நட்சத்திரங்கள் அலைக்குள்ளிருந்து எழுந்து வரும் என்பார். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் மரங்கள், ஒரு பக்கம் ஜெட்டி விளக்குகள். மிச்சமிருக்கும் துண்டு வானத்திலும் வருஷத்தில் பாதி நாள் மழை மேகம். அப்படிப்பட்ட வானத்துக்குக் கீழே நாட்கணக்கில் பயணம் செய்துவிட்டு, வாளிக்குள் தலையை விட்டபடி வந்து சேர்ந்திருக்கிறேனே என்று எனக்கு ஆத்திரமாக வரும். அடுத்த முறை என்ன ஆனாலும் மேல்தளத்துக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் கல்யாணத்தன்று அம்மி மிதித்ததும் வாசலுக்கு அழைத்துப்போய், "அருந்ததி தெரியுதா பாரும்மா" என்றார்கள். மதுரைப் பக்கத்து உச்சி வெயில். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு காக்கை பறந்தது. "தெரியுது" என்றேன். எல்லா மணப்பெண்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. பகலில் இல்லாத நட்சத்திரத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் நல்ல பெண், ராத்திரியில் இருக்கிற நட்சத்திரத்தைப் பார்க்க வாசலில் நின்றால் அடங்காப்பிடாரி. இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கும் பிடிபடவில்லை, இன்றைக்கும் பிடிபடவில்லை.

இரண்டாம் வருஷம் நான் உண்டானேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். தாய்வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வங்காள விரிகுடா கிடக்கிறதே என்று வழக்கம் கவலைப்படவில்லை. தீவில் அப்போது இருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஏழாம் மாதம் பிள்ளைத்தாச்சியைக் கப்பலேற்றி விடுவார்கள். எனக்கும் குவார்ட்டர்ஸிலேயே வளைகாப்பு நடந்தது. வங்காளி வீட்டுப் பெண்கள், தெலுங்கு வீட்டுப் பெண்கள், மலையாளி டீச்சர் எல்லாரும் வந்து இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கினார்கள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. என்னைக் கொண்டுபோய் விடும் பொறுப்பு மாமியார் தலையில் விழுந்தது.

மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். ஒரே பிள்ளையை நம்பி மானாமதுரைப் பக்கத்திலிருந்து தீவுக்கு வந்து சேர்ந்தவர். வந்து பத்து வருஷமாகியிருந்ததால் பாதி தமிழிலும் பாதி தீவு ஹிந்தியிலும் பேசுவார். கோபம் வந்தால் ஹிந்தி கூடும். கெட்டவர் இல்லை. மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை எனக்குத்தான் போடுவார். ஆனால் நான் வாயும் வயிறுமாக ஆன நாளிலிருந்து தும்மினால் குற்றம், இருமினால் குற்றம். வாசற்படியில் உட்காராதே, குறுக்கே தாண்டாதே, அந்தி நேரத்தில் தலை வாராதே. நான் ஒரு மனுஷி என்பதையே மறந்துவிட்டு, ஒரு பானையைக் காவல் காக்கிற மாதிரி என்னைக் காத்தார்.

தீவிலிருந்து மெயின்லேண்ட் போகிறவர்கள் படாக் மரத்தில் ஏதாவது ஒன்று செய்து எடுத்துப்போகாமல் இருக்கமாட்டார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுபோவார், ஒருவர் பலகை கொண்டுபோவார். மாமியார் தன் தங்கை வீட்டுக்கு ஒரு உலக்கை கொண்டுவந்தார். ஹேடோவில் ஒரு தச்சர் கடைந்து கொடுத்தது. நல்ல சிவப்பு, வழவழவென்று இருக்கும், தூக்கினால் தோள் இறங்கும். அதைப் பழைய புடவையில் சுற்றி, கட்டிலில் தனக்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார்.

பஞ்சாங்கத்தின்படி தைப் பௌர்ணமியன்று சந்திர கிரகணம், முழுக் கிரகணம். அதற்கு முன்னால் சென்னையில் இறங்கிவிட வேண்டும் என்றுதான் மாமியார் நாள் குறித்திருந்தார். கப்பல் பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புவதில்லை. மரம் ஏற்றி முடியவில்லை என்று ஹேடோவிலேயே நின்றுகொண்டிருந்தது. கடைசியில் கிளம்பியபோது பௌர்ணமி எங்களை நடுக்கடலில் வந்து பிடிக்கும் என்று தெரிந்துபோயிற்று. மாமியார் முகம் அப்போதே இருண்டுவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

அந்தப் பங்க் கிளாஸில் பெண்கள் இருந்த பகுதியில் நாலைந்து பாஷை, பாஷைக்கு ஒரு சண்டை. தண்ணீருக்குச் சண்டை, கட்டிலுக்குச் சண்டை, யார் குழந்தை ராத்திரி அழுதது என்று சண்டை. ஆனால் மாமியார் கிரகணம் என்று வாயைத் திறந்ததும் எல்லாரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். "பாஹர் மத் ஜானா பேட்டி" என்று ஒரு வங்காளி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், வெளியே போகாதே என்று. ஒரு தெலுங்குக்காரி என் வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டாள். என்ன செய்யக்கூடாது என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கூடாது. ஊசி, கத்தி தொடக்கூடாது. உடம்பைச் சொறியக் கூடாது, சொறிந்த இடத்தில் பிள்ளைக்கு மறு விழும். வானத்தைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் உதடு பிளந்து பிறக்கும். கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு முதுகு அரிக்க ஆரம்பித்தது. வேண்டுமென்றே நன்றாகச் சொறிந்துகொண்டேன்.

இருட்டியதும் வட்ட ஜன்னல்களை இறுக்கி மூடினார்கள். கண்ணாடி வழியாக நிலா வெளிச்சம் வருமாம், அதனால் மேலே புடவைகளைத் தொங்கவிட்டார்கள். மேல்தளத்திலிருந்து காற்று இறக்குவதற்கு ஒரு கித்தான் குழாய் இருந்தது. அதன் வாயையும் யாரோ கட்டிவிட்டார்கள். சற்று நேரத்தில் அந்த இடம் இட்லிப் பானைக்குள் இருப்பது போல ஆகிவிட்டது. ஏழு மாத வயிற்றோடு நான் மல்லாந்து படுக்கவும் முடியாமல், ஒருக்களித்துப் படுக்கவும் முடியாமல் கிடந்தேன். பிள்ளை உள்ளே உதைத்தது. எனக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் ஜன்னலைத் திறங்க அத்தை" என்றேன். "சும்மா கிட. பொறுத்துக்கோ. பிள்ளைக்காகப் பொறுக்க மாட்டியா?" என்றார்.

பிள்ளைக்காகத்தான் மூச்சு விடப் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு யோசித்தேன். கடலைத் தாண்டுவதே பாவம் என்று சொன்னதும் நம் பெரியவர்கள்தான். சர்க்கார் வேலை கிடைத்ததும் அந்தப் பாவத்தைச் சத்தமில்லாமல் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். சம்பளம் வருகிற பக்கம் சாஸ்திரம் வளையும், பிள்ளைத்தாச்சி மூச்சு விடுவதற்கு மட்டும் வளையாது போலிருக்கிறது. நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மாமியார் உலக்கையை எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் கிரகணத்தன்று ஒரு வழக்கம் உண்டு. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் உலக்கையை நிறுத்துவார்கள். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பார்கள். கிராமத்தில் நான் பார்த்திருக்கிறேன், நின்றிருக்கிறது. அடிப்பக்கம் தட்டையாக அறுத்த உலக்கை அமாவாசையன்றும் நிற்கும், அது வேறு விஷயம். கீழே அடைந்து கிடக்கிற எங்களுக்கு வானம் தெரியாதல்லவா, கிரகணம் எப்போது விடுகிறது என்று உலக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று மாமியார் முடிவு செய்தார். தாம்பாளம் வந்தது. தண்ணீர் வந்தது. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்தார்கள். வங்காளி அம்மா இதைப் பார்த்ததே இல்லை, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

கடல் அன்று அமைதிதான். ஆனாலும் கப்பல் கப்பல்தானே. மாமியார் கையை எடுத்ததும் உலக்கை ஒரு கணம் நின்றது. அப்புறம் மெல்லச் சாய்ந்து, தாம்பாளத்தைத் தட்டிவிட்டு, தரையில் உருண்டு, தெலுங்குக்காரியின் கால் கட்டைவிரலில் போய் இடித்தது. அவள் போட்ட கூச்சலில் தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்துகொண்டன. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது. இன்னொரு முறை இரண்டு பெண்கள் தாம்பாளத்தைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஒருத்தி கப்பலையே பிடித்து நிறுத்துகிறவள் போலத் தூணைக் கட்டிக்கொண்டாள். அப்போதும் விழுந்தது.

நான் எழுந்து நின்றேன்.

"உலக்கை விழுந்துடுச்சு அத்தை. கிரகணம் விட்டாச்சு" என்றேன்.

"அரே பாகல், பைத்தியக்காரி, இன்னும் பிடிக்கவே இல்லைடி!"

"உலக்கை விழுந்தா விட்டாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. மூணு தடவை விழுந்துருச்சு."

சொல்லிவிட்டு இரும்புப் படியில் கால் வைத்தேன். பின்னால் கலவரம். சட்டம் அவர்களுடையது, உலக்கையும் அவர்களுடையது. இரண்டு கை வளையலும் கைப்பிடியில் உரசிச் சத்தம் போட, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

முதலில் காற்று. வாயைத் திறந்து குடித்தேன். பிறகுதான் நிமிர்ந்தேன். முழு நிலா. கடல் முழுக்கப் பால் கொட்டிய மாதிரி வெளிச்சம். அழகுதான். ஆனால் கணவர் சொன்ன நட்சத்திரங்கள் எங்கே என்று ஏமாற்றமாக இருந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு மங்கலாக இருந்தன, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு சண்டை என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது நிலாவின் கீழோரத்தில் ஒரு கறுப்பு விழுந்திருப்பதைக் கவனித்தேன்.

கப்பலின் பின்பக்கம், விளக்கு படாத இடத்தில் ஒரு பாய் விரித்து ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் பக்கத்தில் வீடு என்றாள். லோக்கல் பார்ன் என்பார்களே, வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த குடும்பம். என் வயிற்றைப் பார்த்தாள், நிலாவைப் பார்த்தாள், சிரித்தாள். "பைட்டோ" என்று பாயில் இடம் விட்டாள். உங்களுக்குப் பயமில்லையா என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். தன் பாட்டன் காலில் சங்கிலியோடு இந்தக் கடலில் வந்தவன், குடும்பத்தை அன்றைக்கே பிடித்துவிட்டது கிரகணம், இனிமேல் புதிதாக என்ன பிடிக்கப் போகிறது என்றாள். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கிரகண வேளையில் நான் அதை மடக் மடக்கென்று குடித்தேன். அவ்வளவு ருசியான தண்ணீரை அதற்கப்புறம் நான் குடித்ததில்லை.

நிழல் ஏற ஏறக் கடலில் பால் வற்றியது. வெளிச்சம் குறையக் குறைய, இதுவரை நிலா மறைத்து வைத்திருந்த வானம் வெளியே வர ஆரம்பித்தது. முதலில் தலைக்கு மேலே. பிறகு பக்கங்களில். பிறகு, கணவர் சொன்னது நிஜம்தான், தண்ணீரின் விளிம்பு வரைக்கும். நிலா முழுக்க மூடியபோது அது காணாமல் போகவில்லை. புளி போட்டுத் தேய்க்காத செம்புச் சொம்பு போல மங்கிச் சிவந்து தொங்கியது. அதைச் சுற்றி இவ்வளவு நட்சத்திரங்களா! மேற்கே சாய்ந்துகொண்டிருந்த ஆறாமீனை, கார்த்திகை என்பார்களே அந்தக் கூட்டத்தை, எண்ணப் பார்த்தேன், ஆறுக்கு மேல் தெரிந்தது. தெற்கே கடலுக்குக் கொஞ்சம் மேலே ஒன்று தனியாக ஜொலித்தது. வெண்புகை போல ஒரு பாதை வானத்தின் குறுக்கே ஓடி இரண்டு பக்கமும் கடலில் இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. துக்கமில்லை. இத்தனையும் தினமும் இங்கே இருந்திருக்கிறது, என்னைத் தவிர எல்லாரும் எனக்காகப் பயந்து அதை மூடி வைத்திருக்கிறார்கள் என்ற கோபமும், கடைசியில் பார்த்துவிட்டேன் என்ற சந்தோஷமும் சேர்ந்து வந்த அழுகை.

வடகிழக்கே சப்தரிஷி மண்டலம் கடலிலிருந்து எழுந்து வந்தது. அதன் வாலில், நடுவில் இருக்கும் நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தேன். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சின்னதாக இன்னொன்று. அருந்ததி. "தெரியுது" என்று வாய்விட்டுச் சொன்னேன். இந்த முறை பொய் இல்லை.

"ஏய்! கீழ வாடி!"

படிக்கட்டின் வாயில் மாமியார். முந்தானையைத் தலையோடு முகத்தையும் மூடி இழுத்துவிட்டிருந்தார். கதவைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. வானத்தைப் பார்த்துவிடுவோமோ என்று தரையைப் பார்த்தே கத்தினார்.

"சல், எந்திரி! பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருடி பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் அத்தை."

"என்னடி சொல்லுவ?"

"எது ஆனாலும் என்மேல போடுங்க. நான்தானே சுமக்கிறேன், நானே பதில் சொல்லிக்கிறேன்."

அவர் குரல் உடைந்து, "உனக்குத் தெரியாதுடி" என்று மட்டும் சொன்னார். அப்புறம் இறங்கிப்போகும் காலடிச் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. நிலா ஓரத்தில் மறுபடி வெள்ளை துளிர்த்து, நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய், கடலில் பால் நிரம்பும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். சென்னை வந்து இறங்கும் வரை மாமியார் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

சித்திரையில் மகள் பிறந்தாள். மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

பிரசவம் பார்த்த மருத்துவச்சி குழந்தையைக் காட்டாமல் துணியில் சுற்றி வைத்திருந்தாள். நான் பிடுங்கி வாங்கிப் பார்த்தேன். கறுகறுவென்று முடி, அகலமான நெற்றி, என் கணவரின் காது, கிழிந்த உதடு. என் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுபோனது உண்மை. என் அம்மா என் முகத்தருகே குனிந்து, "கிரகணத்துல வெளியே போனியாடி?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நடுக்கடலில் நடந்தது, பார்த்த மாமியாரும் பக்கத்தில் இல்லை. "போனேன். பூரா கிரகணமும் உட்கார்ந்து பார்த்தேன்" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தியும் குழந்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். 'ஐயோ பாவம்' குழந்தைக்கு, 'உனக்கு வேணும்' எனக்கு. அவளுக்கு மார்பில் வாய் வைத்து உறிஞ்ச முடியவில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். பாதி மூக்கு வழியாக வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவேன். அந்த நாட்களில் யாராவது நான் அழுவதைப் பார்த்திருந்தால் வருந்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நான் வருந்தவில்லை. என் மகளின் உதட்டை அந்த வானம் கிழித்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. அவ்வளவு அழகான ஒன்றுக்கு இவ்வளவு சின்னப் புத்தி இருக்காது.

பதினாறாம் நாள் மாமியார் மானாமதுரையில் தங்கை வீட்டிலிருந்து வந்தார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும் பதிலைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பால் இறங்குதா?" என்று கேட்டார். "இறங்குது" என்றேன். "எடை கூடுதா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கப்பலில் நடந்ததைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கணவருக்கு முன்னால் வைத்துக் கேட்பதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

குழந்தை கொஞ்சம் தேறியதும் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள். தைத்த டாக்டரம்மா என்னிடம், உதடெல்லாம் இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே உருவாகி முடிந்துவிடும், ஏழாம் மாதம் நீ சூரியனைப் பார்த்தால் என்ன, சந்திரனைப் பார்த்தால் என்ன என்றார். வீட்டில் வந்து சொன்னேன். யாருக்கும் அந்தப் பதில் வேண்டியிருக்கவில்லை. நம்பியதை நம்பிக்கொண்டார்கள். எனக்கும் டாக்டரின் சாட்சி தேவைப்படவில்லை, இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

காயம் ஆறி, மழைக்காலம் ஓய்ந்து, மார்கழியில் நாங்கள் தீவுக்குத் திரும்பினோம். நான், மாமியார், எட்டு மாதக் குழந்தை. அதே மாதிரி பங்க் கிளாஸ், அதே வாடைகள். தழும்பு அப்போது சிவப்பாகத் தடித்திருந்தது, பார்த்த உடனே தெரியும். குழந்தை எதைப் பற்றியும் கவலைப்படாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள், போர்ட் பிளேர் பக்கத்துக் கராச்சர்மாவில் மகன் வீட்டுக்குப் போகிறவர், குழந்தையின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கூட இருந்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னைக் கேட்கவில்லை. பெரியவர் என்று மாமியாரைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க மருமக மாசமா இருக்கையில கிரகணத்தைப் பார்த்துட்டாளோ?"

பதில் நுனி நாக்கில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பார்த்தா. இதே கடல்ல, மேல போய் உட்கார்ந்து நல்லாப் பார்த்தா. அதுக்கென்ன இப்ப?"

அந்த அம்மாள் திகைத்துப்போனார். "இல்ல, பெரியவங்க நீங்க சொல்லக் கூடாதான்னு..."

"சொன்னேன். கேக்கல. நான் கேட்டேன்மா. எனக்கு ஆறு பிள்ளை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிரகணம் விடாம இருட்டு ரூம்புல கிடந்தேன். தண்ணி குடிக்கல. ஒரு நகத்தைக் கிள்ளல. அஞ்சு செத்துப் போச்சு. மூஞ்சி லட்சணமாத்தான் இருந்துச்சு அஞ்சுக்கும். யாரைப் போய்க் கேக்கட்டும்? நீ சொல்றியா?"

ஒரே பிள்ளை, ஒரே பிள்ளை என்று அவரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அந்த ஒன்று எத்தனையில் மிஞ்சியது என்று அந்த வீட்டில் ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. உனக்குத் தெரியாதுடி என்று அன்றைக்குப் படிக்கட்டில் நின்று அவர் சொன்னபோது நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. மாமியார் மூக்கைச் சிந்தினார். அந்த அம்மாளின் கையிலிருந்து குழந்தையின் தாடையை விடுவித்து, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாடி, மேல போவோம். இங்க நாறுது" என்றார்.

மேல்தளத்தில் நல்ல காற்று. அமாவாசை கழிந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது, நிலா சீக்கிரமே இறங்கிவிட்டது. கப்பலின் பின்பக்கம் விளக்கு படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். மாமியார் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முந்தானையைத் தலையிலிருந்து தள்ளிவிட்டு, யாரோ அடிக்க வருகிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மெல்ல அண்ணாந்து பார்த்தார். மடியில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தது. நான் சப்தரிஷி மண்டலம் வர இன்னும் நேரமாகும் என்றேன். ஆறாமீனைக் காட்டினேன். அவர் விரலை நீட்டி, நட்சத்திரத்தைத் தொடாமல், காற்றில் எண்ணிப் பார்த்தார்.

"கழுத்து வலிக்குதுடி" என்றார் சற்று நேரம் கழித்து.

"கீழ போயிரலாமா அத்தை?"

"யாரு போறது?" என்றார்.